அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதே

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வண்டி எண், எஞ்சின் எண், சேஸிஸ் எண், பேங்க் லோன் எல்லாவற்றையும் ஏஜென்ட் தம்பி மணிமணியாக நிரப்பியிருக்கிறார். ஓட்டுநர் விவரம் என்ற பகுதியில் ஒரே ஒரு கேள்விக்கு எதிரே மட்டும் ஒன்றுமில்லை. ஓட்டுபவர் எப்போதாவது விபத்தில் சம்பந்தப்பட்டிருக்கிறாரா, விபத்து ஏற்படுத்தியதற்காகத் தண்டனை பெற்றிருக்கிறாரா, வழக்கு ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று கேட்கும் கட்டம் அது. "அதெல்லாம் யாரும் பாக்க மாட்டாங்க ப்ரோ, இல்லைன்னு போட்டு சைன் பண்ணிடுங்க" என்றாராம். தேரடி விபத்து விஷயத்தை எழுத வேண்டுமா, எழுதினால் பிரீமியம் எகிறுமா என்று கேட்டிருக்கிறாய்.

எழுது. ஏன் என்பதைப் போனில் சொன்னால் பாதியில் "சரி மாமா" என்று வைத்துவிடுவாய் என்பதால்தான் கடிதம்.

முதலில் அந்த ஏஜென்டுக்கு நியாயம் செய்துவிடுகிறேன். அவர் சொன்னதில் பாதி உண்மை. பாலிசி கொடுக்கும் நாளில் அந்தக் கட்டத்தை யாரும் பார்ப்பதில்லை. கம்ப்யூட்டர் பணம் வந்ததா என்று பார்க்கும், பாலிசியை மெயிலில் அனுப்பும். ஆன்லைனில் எடுத்தால் அந்தக் கேள்வியே கண்ணில் படாது. 'நான் கொடுத்த விவரங்கள் யாவும் உண்மை' என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டால் போதும். சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் மோட்டார் விபத்து வழக்குக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு வக்கீல் குமாஸ்தாவாக அலைந்தவன் நான். பாலிசி எடுக்கிற அன்று படிவத்தைப் படித்த கம்பெனியை நான் பார்த்ததில்லை. கிளெய்ம் வந்த மறுவாரமே அதை வரி வரியாகப் படிக்காத கம்பெனியையும் பார்த்ததில்லை. அப்போது புலன்விசாரணைக்கென்று ஒருவரை அனுப்புவார்கள். அவர் எஃப்.ஐ.ஆர். நகல் வாங்குவார், ஆர்.டி.ஓ. ஆபீசில் லைசென்ஸ் விவரம் கேட்பார், நீதிமன்ற இணையதளத்தில் உன் பெயரைப் போட்டுத் தேடுவார். எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016 செப்டம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உன் வழக்கு 2018. நீ மறந்திருக்கலாம், கம்ப்யூட்டர் மறக்காது.

இப்போது அந்த வழக்குக்கு வருவோம். "அது ஃபைன் கட்டி முடிஞ்ச கேஸ்தானே மாமா" என்று எழுதியிருக்கிறாய். வடசென்னையில் பாதிப் பேர் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், குற்றம் உன்னுடையது மட்டுமல்ல. தேரடி அருகே ரோட்டைக் கடந்த பெரியவர் மேல் உன் பைக் இடித்தது. அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு, ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். போலீஸ் போட்டது அன்றைய இந்திய தண்டனைச் சட்டம் 279, 337 பிரிவுகள். 279 என்றால் கண்மண் தெரியாமல் பொது வழியில் வண்டி ஓட்டியது. அதற்கு அதிகபட்ச அபராதம் 1,000 ரூபாய். 337 என்றால் அஜாக்கிரதையால் காயம் விளைவித்தது, அதற்கு 500. நீ ஜார்ஜ் டவுன் நீதிமன்றத்தில் கட்டியது சரியாக 1,500 ரூபாய்தானே? ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஷிஃப்டை விட்டுவிட்டு வந்து நிற்க முடியாது என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் குற்றத்தை ஒப்புக்கொண்டாய். மாஜிஸ்திரேட் கேட்டார், நீ 'ஆமாம்' என்றாய், பணம் கட்டினாய், வெளியே வந்து டீ குடித்தாய். அந்த 'ஆமாம்' சட்டத்தின் கணக்கில் குற்றத்தீர்ப்பு. ஜெயிலுக்குப் போகவில்லை என்பதால் தண்டனை இல்லை என்று ஆகிவிடாது, அபராதமும் தண்டனைதான்.

இதே குற்றங்கள் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 281, 125 என்று வேறு எண்களில் இருக்கின்றன. எண் மாறியதால் பழைய தீர்ப்பு காலாவதியாகிவிட்டது என்று எவனாவது உனக்கு விளக்கம் சொன்னால் நம்பாதே.

சலான் விஷயம் வேறு. ஹெல்மெட் இல்லை, சிக்னல் தாண்டினாய், நோ பார்க்கிங்கில் நிறுத்தினாய் என்று போனுக்கு வரும் சலானை ஆன்லைனில் கட்டிவிட்டால் அது மோட்டார் வாகனச் சட்டம் 200ஆம் பிரிவின்படி சமரசம் செய்துகொண்ட கணக்கு. மேல் நடவடிக்கை கிடையாது, அது குற்றத்தீர்ப்பும் ஆகாது. இன்னொன்று, சலான் பெரும்பாலும் வண்டி எண்ணின் மேல் விழுகிறது. நீ போன வருடம் செகண்ட்ஹேண்டில் வாங்கிய ஸ்விஃப்டின் மேல் பழைய ஓனர் விட்டுப்போன சலான் ஏதும் நிற்கிறதா என்று ஒருமுறை பரிவாஹன் தளத்தில் பார்த்துக்கொள். அவை உன் குற்றமாகாது. ஆனால் வண்டியை விற்கும் நாளில் உன் தலைவலி ஆகும்.

குடித்துவிட்டு ஓட்டுவது இந்தச் சமரசக் கணக்கில் வராது. உன் கூட்டாளி ஒருவன் ராயபுரத்தில் ஊதிப் பார்க்கும் கருவியில் மாட்டியதைச் சொல்லியிருந்தாய். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் 185ஆம் பிரிவு. முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். அதற்குக் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும், கட்டினால் தீர்ப்பு. போதாக்குறைக்கு லைசென்ஸைக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்தி வைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015இலேயே மாநிலங்களுக்கு எழுதியது. அவன் அந்த மூன்று மாதமும் வண்டியைத் தொடாமல் இருந்தானா என்று கேள். லைசென்ஸ் நிறுத்திவைப்பில் இருக்கும்போது ஓட்டி விபத்து ஆனால், பாலிசி பையில் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

பிரீமியம் ஏறுமா என்று கேட்டாயே, அந்தப் பயம் தேவையில்லை. உன் பாலிசியில் இரண்டு பங்கு இருக்கிறது. தேர்ட் பார்ட்டி என்கிற மூன்றாம் நபர் காப்பீட்டின் கட்டணத்தை மத்திய அரசு அறிவிக்கிறது. 2022 ஜூனில் வந்த அறிவிப்பில் 1,000 சிசி வரையுள்ள சொந்தக் காருக்கு 2,094 ரூபாய், 1,500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897. உன் ஸ்விஃப்ட் நடு வகை. குற்றமே செய்யாத உத்தமனுக்கும் 3,416, உனக்கும் 3,416. தேரடி வழக்கை எழுதியதற்காக இதில் ஒரு ரூபாய்கூட எந்தக் கம்பெனியும் ஏற்ற முடியாது. ஏற்ற முடிவது ஓன் டேமேஜ் என்கிற பங்கில்தான். 2007லிருந்து அதன் விலை கம்பெனியின் விருப்பம். அங்கேயும் வண்டியின் வயது, மாடல், மதிப்பு, கிளெய்ம் வரலாறு இவற்றை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். ஏழெட்டு வருடத்துக்கு முந்தைய பைக் வழக்கைப் பார்த்துக் கொஞ்சம் கூட்டிக் கேட்டால் வேறு கம்பெனியிடம் போ, கடைகள் நிறைய இருக்கின்றன.

ஓட்டும் ஒழுக்கத்துக்கும் பிரீமியத்துக்கும் முடிச்சுப் போடும் யோசனை இல்லாமல் இல்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அமைத்த ஒரு பணிக்குழு 2021 ஜனவரியில் அப்படி ஒரு அறிக்கை கொடுத்தது. விதிமீறலுக்கு ஏற்ப மதிப்பெண் போடுவது, குடித்துவிட்டு ஓட்டினால் 100, தவறான இடத்தில் வண்டி நிறுத்தினால் 10, அதைக் கூட்டி ஒரு தனிப் பிரீமியம் வசூலிப்பது, முதலில் டெல்லியில் பரீட்சை பார்ப்பது என்று திட்டம். அதில்கூட முந்தைய இரண்டு ஆண்டுக் கணக்கைத்தான் பார்க்கச் சொன்னார்கள். அது வந்தாலும் உன் 2018ஐத் தொடாது.

இனி மறைத்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்கிறேன். உன்னைப் பயமுறுத்த மிகைப்படுத்த மாட்டேன். 1,500 ரூபாய் வழக்கை மறைத்ததற்காக முழு பாலிசியையும் செல்லாது என்று நிரூபிப்பது கம்பெனிக்கு லேசான காரியமில்லை. விவரம் முன்பே தெரிந்திருந்தால் பாலிசி கொடுப்பதிலோ கட்டணத்திலோ தங்கள் முடிவு மாறியிருக்கும் என்று காட்ட வேண்டும். 2009இல் ஒரு மருத்துவக் காப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் வைத்த அளவுகோல் அதுதான். ஆனால் நிரூபிப்பது வேறு, இழுத்தடிப்பது வேறு. கதவு நசுங்கிய வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடக்கும். கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வரும்; உங்கள் முன்மொழிவுப் படிவத்தில் உண்மைக்கு மாறான தகவல் இருப்பதால் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது என்று. அந்தப் 'பரிசீலனை' எத்தனை மாதம் என்று யாருக்கும் தெரியாது. ஒர்க்‌ஷாப்காரன் நாள் வாடகை கேட்பான். கடைசியில் பாதிக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போடுவாய்.

வண்டி போனால் போகட்டும். எனக்குக் கவலை மூன்றாம் நபர் பக்கம்தான். நீ ஓட்டும் ரோட்டை யோசி. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஹார்பர் கேட் திறக்கக் காத்துக் கிடக்கும் டிரெய்லர் வரிசை; அந்த வரிசைக்கு நடுவிலிருந்து டீ கிளாஸோடு இறங்கும் டிரைவர்; விடியற்காலையில் காசிமேட்டுக்குக் கூடையோடு போகும் பெண்கள்; மணலி ஷிஃப்ட் முடிந்து தூக்கத்தில் சைக்கிள் மிதிப்பவர். அசோக் லேலண்ட் லாரியும் என்ஃபீல்டு பைக்கும் எம்.ஆர்.எஃப். டயரும் பிறந்த இந்த வட்டாரத்தில் நடப்பவனுக்கென்று ஒரு முழ நடைபாதை கிடைப்பதில்லை. இங்கே யார் மேலாவது உன் கார் மோதினால் தீர்ப்பாயம் கொடுக்கும் இழப்பீடு, சம்பாதிக்கிற ஆள் போய்விட்டால், இருபது முப்பது லட்சம் என்று போவது சாதாரணம். உயிருக்கும் காயத்துக்கும் காப்பீட்டில் வரம்பு கிடையாது என்பதால் கம்பெனி கட்டும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 150ஆம் பிரிவு, 2022 ஏப்ரலுக்கு முன் 149, கம்பெனி எந்தெந்தக் காரணம் சொல்லித் தப்பிக்கலாம் என்று பட்டியல் போடுகிறது. லைசென்ஸ் இல்லாமை, போதை இவற்றோடு, முக்கியத் தகவலை மறைத்தோ பொய் சொல்லியோ பாலிசி வாங்கியது என்பதும் அதில் ஒன்று. அடிபட்டவர் வெறுங்கையோடு போகக் கூடாது என்பதில் நீதிமன்றங்கள் கண்டிப்பு. அதனால் வந்த ஏற்பாடுதான் கோர்ட்டில் எல்லோரும் சொல்லும் 'பே அண்டு ரிக்கவர்': கம்பெனி முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு வண்டிச் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். லைசென்ஸ் கோளாறு வழக்குகளில் 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதி அமர்வு இதை விரிவாக வகுத்தது. வசூல் என்றால் என்ன தெரியுமா? உன் அம்மா பெயரில் இருக்கும் அந்த ஒண்டுக் குடித்தன வீட்டை நாளைக்கு உன் பெயருக்கு எழுதி வைத்தால், அதன் மேல் ஜப்தி மனு வரும். அப்படி வந்த வீடுகளின் கட்டுகளையும் நான் தூக்கியிருக்கிறேன். ஒரு கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியதை வைத்து அங்கே போய்ச் சேர வாய்ப்பு குறைவுதான். ஆனால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அந்த வாய்ப்பை நாமே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பானேன்?

இந்த 'உள்ளதைச் சொல்' என்கிற கடமை எங்கிருந்து வந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நம் ஊருக்கு ஒரு தொடர்பு இருக்கிறது. நீ தினமும் கடக்கும் காலடிப்பேட்டை மெட்ரோ நிலையம் எந்தப் பெயரில் இருக்கிறது? 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் என்பவர் திருவொற்றியூரில் நெசவாளர்களைக் குடியேற்றிய பேட்டை அது. இவர் சென்னைக்கு வரும் முன் சுமத்ரா தீவின் பெங்கூலனில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தலைவராக இருந்தார். அங்கே மார்ல்பரோ கோட்டையைக் கட்டத் தொடங்கியவர் அவர்தான்.

அரை நூற்றாண்டு கழித்து அந்தக் கோட்டைதான் வழக்குக்கு வந்தது. அதன் அப்போதைய கவர்னர் கார்ட்டர், கோட்டையை அந்நிய எதிரி பிடித்துவிட்டால் தனக்கு நேரும் நஷ்டத்துக்காக 1759 அக்டோபரிலிருந்து ஓராண்டுக்கு லண்டனில் இன்ஷூரன்ஸ் எடுத்தார். அந்த வருடம்தான் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார். கடலோரக் கோட்டைகளுக்கெல்லாம் கிலி பிடித்திருந்த காலம். 1760 ஏப்ரலில் பிரெஞ்சுக்காரர்கள் பெங்கூலனைப் பிடித்துவிட்டார்கள். பணம் கேட்டதும் இன்ஷூரன்ஸ் கொடுத்த போஹம் மறுத்தார். கோட்டை பலவீனமானது, உள்ளூர்க்காரர்களைத் தடுக்கத்தான் உதவும், ஐரோப்பியப் படையைத் தாங்காது, பிரெஞ்சுக்காரர்கள் வரக்கூடும் என்பது உனக்குத் தெரிந்தும் எனக்குச் சொல்லவில்லை என்றார். 1766இல் மேன்ஸ்ஃபீல்ட் பிரபு சொன்ன தீர்ப்புதான் உலகம் முழுக்க இந்தச் சட்டத்துக்கு அடிக்கல். ஆபத்தின் விவரம் பெரும்பாலும் இன்ஷூரன்ஸ் எடுப்பவனுக்குத்தான் தெரியும், அதனால் அவன் மறைக்கக் கூடாது என்றார். நம் நாட்டில் 1963ஆம் ஆண்டுக் கடல்சார் காப்பீட்டுச் சட்டத்தின் 19, 20ஆம் பிரிவுகளில் அது உட்கார்ந்திருக்கிறது. கப்பலுக்குச் சொன்னதை நீதிமன்றங்கள் காருக்கும் சொல்கின்றன.

ஆனால் அந்த வழக்கில் ஜெயித்தது யார் தெரியுமா? கார்ட்டர். பலர் இந்தப் பாதியைச் சொல்வதில்லை. லண்டனில் உட்கார்ந்து தொழில் செய்கிறவனுக்கு, ஒரு கோட்டையின் தன்மையும் போர் நிலவரமும் தானாகவே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்ததை, தெரிந்திருக்க வேண்டியதை, கேட்காமல் விட்டதை எல்லாம் பிறகு காரணம் காட்ட முடியாது என்பது தீர்ப்பு. மறைப்பதைத் தெரிந்துகொண்டே பிரீமியத்தை வாங்கிப் போட்டுக்கொள்வதும் மோசடிதான் என்றார் மேன்ஸ்ஃபீல்ட். இந்த இரண்டாவது பாதியை நம் கம்பெனிகளுக்கு யாராவது சட்டம் போட்டு மாட்டிக் கொடுக்க வேண்டும். ஒரு பொத்தானை அழுத்தினால் தெரிந்துகொள்ளக்கூடிய வழக்கைப் பாலிசி விற்கும்போது பார்க்காமல், பணம் தர வேண்டிய நாளில் மட்டும் பார்ப்பது எந்த ஊர் நாணயம்? அவர்கள் நாணயம் அப்படி இருக்கிறது என்பதற்காகத்தான் உன் படிவம் சுத்தமாக இருக்க வேண்டும் என்கிறேன். நீ சொன்ன பிறகும் அவர்கள் பிரீமியம் வாங்கிவிட்டால், அதற்கப்புறம் அந்த வழக்கைக் காட்டிப் பேச அவர்களுக்கு வாய் இருக்காது.

முதல் அறிக்கையில் 'ஒன்றுமில்லை' என்று சொல்வதற்கு என்ன விலை என்று நம் கரைக்குத் தெரியும். 2017 ஜனவரி 28 விடியற்காலையில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. காமராஜர் துறைமுகம் முதலில் எண்ணெய்க் கசிவு இல்லை என்று அறிவித்தது. அடுத்த நாட்களில் ஆர்.கே. நகர் குப்பத்துப் பாறைகளில் கறுப்புச் சகதியை வாளி வாளியாக அள்ளியவர்களில் நீயும் உன் கல்லூரி நண்பர்களும் இருந்தீர்கள். நஷ்டஈட்டுப் பேச்சு நடந்தபோதெல்லாம் எண்ணெயைவிட அந்த முதல் அறிவிப்பைப் பற்றித்தான் மீனவர்கள் அதிகம் கொதித்தார்கள்.

இவ்வளவு சொன்னாலும், அந்தக் கேள்வி எழுதப்பட்டிருக்கும் விதம் எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எப்போதாவது என்றால் எதுவரைக்கும்? இருபது வயதில் செய்ததை அறுபது வயதிலும் எழுத வேண்டுமா? லண்டனில் இருக்கும் உன் பெரியப்பா மகனைக் கேட்டுப் பார். அங்கே கார் இன்ஷூரன்ஸ்காரர்கள் பொதுவாகக் கடந்த ஐந்து ஆண்டு வழக்குகளைத்தான் கேட்கிறார்கள். பழைய குற்றங்கள் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் கழிந்துபோனவை என்று வைக்க 1974லேயே அவர்களிடம் ஒரு சட்டம் இருக்கிறது. கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்தோடு பதில் சொன்னால் போதும் என்று 2012இல் இன்னொரு சட்டம் போட்டார்கள். பெரியவர்களின் பழைய வழக்குகள் அப்படித் தானாகக் கழிந்துபோக நம்மிடம் வழி இல்லை. இருக்க வேண்டும். சிராய்ப்புக் காயத்துக்கு 1,500 ரூபாய் கட்டியவனை ஆயுள் முழுக்க அதை எழுதச் சொல்வது அநியாயம். அது மாறும்வரை படிவம் கேட்கிறது, நீ பதில் சொல்கிறாய்.

கேட்டதற்குத்தான் பதில். உன் படிவம் விபத்து, விபத்துக்கான தண்டனை, நிலுவை வழக்கு இவற்றைக் கேட்கிறது. அந்த மூன்றுக்கு மட்டும் எழுது.

ஆனால் நீ கேட்காத ஒன்றை நான் படிவத்தில் பார்த்தேன், அதுதான் பெரிய வில்லங்கம். நோ கிளெய்ம் போனஸ் என்ற இடத்தில் 35 சதவீதம் என்று போட்டிருக்கிறார். அது எங்கிருந்து வந்தது? வண்டியை உனக்கு விற்றவரின் பழைய பாலிசியில் இருந்தது. அந்த போனஸ் ஆளுக்குச் சொந்தம், வண்டிக்கு அல்ல. விற்றவர் அதைத் தன் அடுத்த காருக்குக் கொண்டுபோயிருப்பார். நீ கிளெய்ம் இல்லாமல் முடித்தது ஒரு வருடம். ஒரு வருடத்துக்கு 20 சதவீதம்; அப்புறம் 25, 35, 45, 50 என்று ஏறும். ஓன் டேமேஜ் பிரீமியம் 8,000 என்று வைத்துக்கொண்டால் 35க்கும் 20க்கும் வித்தியாசம் 1,200 ரூபாய். இந்த 1,200ஐ மிச்சம் பிடிக்கப் போய் மொத்த ஓன் டேமேஜ் கிளெய்மையும் இழந்தவர்கள் நிறைய. இந்த போனஸ் அறிவிப்பு தவறென்று தெரிந்தால் ஓன் டேமேஜ் பகுதியின் எல்லாப் பயனும் பறிபோகும் என்று நீ கையெழுத்துப் போடும் வாசகத்திலேயே இருக்கிறது. தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போன இப்படிப்பட்ட வழக்குகளில் சிலருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை, சிலருக்கு ஒரு பகுதி கிடைத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது ஸ்டியரிங் வரை தண்ணீரில் நின்ற கார்களை நீயே பார்த்தாய். அப்படி ஒரு மழை வரும் வருடம் உன் போனஸ் கணக்கைப் பழைய கம்பெனியிடம் கேட்டுச் சரிபார்க்க ஒரு மெயில் போதும். தேரடி வழக்கில் கம்பெனிதான் கஷ்டப்பட்டு நிரூபிக்க வேண்டும். இதில் நிரூபிக்க ஒன்றுமே இல்லை. 35ஐ அடித்து 20 என்று எழுதச் சொல்.

எண்ணூர் கம்பெனிக்குப் போகும்போது மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போகிறாயே, பெட்ரோலைப் பங்கு போட்டுக்கொள்வதோடு நிறுத்திக்கொள். தலைக்கு இவ்வளவு என்று மாதக் கணக்கில் வாங்க ஆரம்பித்தால் அது வாடகை வண்டி ஆகிவிடும். சொந்தக் கார் பாலிசி அதற்குச் செல்லாது.

இனி செய்ய வேண்டியது. 'ஆம்' என்று டிக் போட்டு, விவரத்தில் இப்படி எழுது: '2018இல் திருவொற்றியூர் தேரடி அருகே இரு சக்கர வாகனத்தில் சென்றபோது பாதசாரி ஒருவருக்குச் சிறு காயம். இ.த.ச. 279, 337. குற்றத்தை ஒப்புக்கொண்டு ரூ.1,500 அபராதம் செலுத்தப்பட்டது. நிலுவை வழக்கு எதுவும் இல்லை.' வருத்தம், விளக்கம், அந்தப் பெரியவர் பார்க்காமல் இறங்கினார் என்பதெல்லாம் வேண்டாம். இடம் போதாவிட்டால் 'இணைப்பு' என்று எழுதித் தனித்தாளில் கொடு. ஏஜென்ட் "இது தேவையில்லை ப்ரோ" என்று சொன்னால் சிரித்துக்கொண்டே, அதையே கம்பெனியின் மெயில் முகவரிக்கும் உன் மெயிலிலிருந்து அனுப்பிவிடு. அனுப்பிய தேதியும் நேரமும் உன்னிடம் இருக்கும். பாலிசி வந்ததும் அதோடு உன் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் பார், நீ எழுதியதுதான் அதில் இருக்கிறதா என்று. ஏஜென்ட்கள் டைப் அடிக்கும்போது 'ஆம்' 'இல்லை'யாக மாறுவது உண்டு.

பழைய பாலிசி இந்த மாதக் கடைசியில் முடிகிறது. போனஸைக் காப்பாற்ற 90 நாள் அவகாசம் உண்டு என்பதை வைத்துச் சும்மா இருந்துவிடாதே. அந்த 90 நாளில் ஒருநாள் பாலிசி இல்லாமல் ரோட்டில் இறங்கினாலும் 196ஆம் பிரிவில் 2,000 ரூபாய், விபத்து ஆனால் மொத்தமும் உன் தலையில். முடிகிற தேதிக்கு ஒரு வாரம் முன்பே அனுப்பு, அவர்கள் ஏதாவது கேள்வி கேட்டால் பதில் சொல்ல நாள் இருக்கும். வழக்கைப் பார்த்துவிட்டுக் கம்பெனி மறுத்தாலோ நியாயமில்லாமல் கூட்டிக் கேட்டாலோ மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொள். தேனாம்பேட்டையில் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் ஆபீஸ் இருக்கிறது, செலவில்லாமல் மனுக் கொடுக்கலாம். மனுவை நான் எழுதித் தருகிறேன்.

தீர்ப்பு நகல் ஒன்று கையில் இருப்பது நல்லது. அபராதம் கட்டிய ரசீது அக்காவிடம் இருக்கும், பழைய ரேஷன் கார்டு வைத்திருக்கும் பையில் பார்க்கச் சொல். அதில் வழக்கு எண் இருக்கும். கிடைத்தால் எனக்குப் படம் எடுத்து அனுப்பு; ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் நகல் மனுப் போட எனக்குப் பழக்கம், புதன்கிழமை அந்தப் பக்கம் போகும் வேலையும் இருக்கிறது. கிடைக்காவிட்டால் திருவொற்றியூர் போலீஸ் ஸ்டேஷன் எஃப்.ஐ.ஆர். எண்ணையாவது தேடி வை.

அன்புடன்,
மாமா